வங்கி ஏலத்தில் முதலீட்டுக்காக வீடு வாங்குவது: பணம் திரட்டுவது முதல் சாவி கைக்கு வருவது வரை

நாளிதழில் அரைப்பக்கத்துக்கு வரும் வங்கி ஏல அறிவிப்பைக் காட்டி, "இந்த இடத்தில் இந்த விலைக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வங்கிக்குக் கடன் வசூலானால் போதும், அதனால் சொத்தை மலிவாகத் தள்ளிவிடுகிறது என்பதுதான் அவர்கள் எண்ணம். அதில் பாதிதான் உண்மை. சாதாரண விற்பனையில் விற்பவர் வீட்டைக் காலி செய்து, பாக்கிகளைக் கட்டி, பத்திரங்களைச் சரிசெய்து, சார்பதிவாளர் முன் வந்து கையெழுத்துப் போடுகிறார். ஏலத்தில் இந்த வேலைகளில் பெரும்பகுதி வாங்குபவர் தலையில் விழுகிறது. சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள இடைவெளி அந்த வேலைக்கும் அதிலுள்ள ஆபத்துக்கும் கிடைக்கும் கூலி. அந்தக் கூலி போதுமானதா என்று ஏலம் கேட்பதற்கு முன்பே கணக்கிடத் தெரிந்தவருக்கு இது நல்ல முதலீடு. தமிழ்நாட்டில் மிகுதியாக நடப்பவை, அடமானச் சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே விற்றுக் கடனை வசூலிக்க இடம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் நடத்தும் ஏலங்கள் என்பதால், இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது. நீதிமன்ற ஏலம், கடன் வசூல் தீர்ப்பாயத்தின் வசூல் அதிகாரி நடத்தும் ஏலம், திவால் சட்டத்தின் கீழான விற்பனை ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் படி: சொத்து எப்படி ஏலத்துக்கு வந்தது என்பதைப் புரிந்துகொள்வது

கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவின்படி வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்துக் கேட்பு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கடன்தாரர் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிறகு 13(4) பிரிவின்படி சுவாதீனம் எடுத்து, அதாவது சொத்தைத் தன் வசம் எடுத்து, அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்றை வட்டார மொழியில், வெளியிட வேண்டும். அதன் பின்னரே மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பிட்டு, ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, வைத்து, 30 நாள் அவகாசத்துடன் ஏல அறிவிப்பு வெளியிட முடியும். முதல் ஏலத்தில் யாரும் கேட்காமல் மறு ஏலம் விட்டால் 15 நாள் அறிவிப்பு போதும்.

வாங்குபவருக்கு இந்த நாள்கணக்கு எதற்கு என்று தோன்றலாம். இந்த வரிசையில் எங்காவது வங்கி தவறியிருந்தால், கடன்தாரர் 45 நாட்களுக்குள் 17ஆம் பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போய் ஏலத்தையே ரத்துசெய்யக் கேட்கலாம். அந்த வழக்கு முடியும்வரை நீங்கள் கட்டிய பணம் முடங்கிக் கிடக்கும். ஆகவே கேட்பு அறிவிப்பின் தேதி, சுவாதீன அறிவிப்பின் தேதி, நாளிதழ் வெளியீட்டுத் தேதி, ஏலத் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, இடைவெளிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். இதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை.

கடன்தாரர் கடைசி நேரத்தில் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்டுவிடுவாரோ என்ற கவலைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த மீட்பு உரிமை உண்டு; 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆயினும் ஏல நாளுக்கு முன்பு சமரசத் தீர்வாலோ தடையாணையாலோ வங்கி ஏலத்தை விலக்கிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது. அப்போது முன்வைப்புத் தொகை திரும்பி வரும். நீங்கள் செலவிட்ட நேரமும் வழக்கறிஞர் கட்டணமும் வராது.

இரண்டாம் படி: சொத்தைத் தேடுவது

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் பாங்க்நெட் இணையதளத்தில் மாவட்டவாரியாகக் கிடைக்கின்றன. தனியார் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தளங்களிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கின்றன. ஒரே சொத்து இரண்டு மூன்று முறை ஏலத்துக்கு வந்து, ஒவ்வொரு முறையும் ரிசர்வ் விலை குறைந்திருந்தால் அதை வாய்ப்பு என்று மட்டும் எண்ணாமல், முன்பு வந்தவர்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்று விசாரியுங்கள். காரணம் விலையாக இருந்தால் நல்லது. பொதுவழி இல்லாத மனையாகவோ, காலி செய்ய மறுக்கும் குடும்பமாகவோ இருந்தால், விலை இன்னும் இறங்கினாலும் அந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாம் படி: பணம்

ஏலத்தில் தோற்றுப்போகிறவர்களில் பலர் சொத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். பணத்தை உரிய நாளில் கொண்டுவர முடியாதவர்கள். அதனால் இந்தப் படியில் நிதானமாக நிற்க வேண்டும்.

பணம் மூன்று கட்டங்களாகக் கேட்கப்படும். ஏலத்துக்கு முன்பு முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி., பெரும்பாலும் ரிசர்வ் விலையில் 10 சதவீதம். ஏலம் உங்கள் பெயரில் முடிந்ததும், அன்றோ அடுத்த வேலை நாளிலோ, இ.எம்.டி.யையும் சேர்த்து ஏலத் தொகையில் 25 சதவீதம். மீதி 75 சதவீதம், விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15ஆம் நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் இந்த அவகாசத்தை நீட்டிக்கலாம். மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. நீட்டித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. மேலாளர் வாய்ச்சொல்லாக "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்வதை அவகாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீதியைக் கட்டத் தவறினால் கட்டிய 25 சதவீதமும் பறிமுதலாகும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ஒரு வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அந்த ஏலதாரர் கட்டியிருந்த தொகை மூன்று கோடி ரூபாய்க்கும் மேல். பின்னர் வங்கி அதே சொத்தைக் கூடுதல் விலைக்கு விற்றிருந்தும், முழுத் தொகையையும் பறிமுதல் செய்தது செல்லும் என்று தீர்ப்பானது. வங்கிக்கு நட்டமே இல்லையே என்ற வாதம் எடுபடவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடி வீட்டின் ரிசர்வ் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எம்.டி. 6 லட்சம். நீங்கள் 66 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள். 25 சதவீதம் 16.5 லட்சம், ஆக அடுத்த வேலை நாளுக்குள் மேலும் 10.5 லட்சம் போக வேண்டும். மீதி 49.5 லட்சம். இந்த மீதிக்குத்தான் கடன். தனிநபர் வீட்டுக் கடனில், 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. 66 லட்சத்தில் 80 சதவீதம் 52.8 லட்சம் என்பதால் 49.5 லட்சம் தாளில் சரியாகவே வருகிறது. ஆனால் கடன் தரும் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அந்த வீட்டை 58 லட்சம் என்று மதிப்பிட்டால், கிடைக்கும் கடன் 46.4 லட்சமாகச் சுருங்கும். பதினைந்து நாளுக்குள் 3.1 லட்சத்துக்கு நீங்கள் வேறு வழி தேட வேண்டும். இப்படிப்பட்ட சிறிய ஓட்டைகளில்தான் பெரிய தொகைகள் போகின்றன.

கடனில் இன்னொரு முடிச்சும் உண்டு. கடன் தருபவர் சொத்தை அடமானமாக வாங்க உரிமைப் பத்திரம் கேட்பார். ஏல வங்கி உங்களுக்கு உரிமை மாற்றித் தரும் விற்பனைச் சான்றிதழோ முழுப் பணமும் கட்டிய பிறகுதான் கிடைக்கும். இதை அவிழ்க்க மூன்று வழிகள் உள்ளன. ஏலம் விடும் வங்கியிடமே கடன் கேட்பது முதல் வழி. பத்திரங்கள் ஏற்கெனவே அவர்கள் பெட்டகத்தில் இருப்பதால் சட்டக் கருத்து விரைவில் முடியும். இரண்டாவது, வேறு வங்கியிடம் ஏலத்துக்கு முன்பே ஒப்புதல் வாங்கி, பணம் நேரடியாக ஏல வங்கியின் கணக்குக்குப் போகும் என்றும், சான்றிதழும் மூலப்பத்திரங்களும் நேரடியாகக் கடன் தரும் வங்கியிடம் ஒப்படைக்கப்படும் என்றும் மூன்று தரப்பும் கடிதமாக எழுதிக்கொள்வது. மூன்றாவது, உங்களிடம் ஏற்கெனவே உள்ள வில்லங்கமில்லாத சொத்தின் மீது முன்கூட்டியே கடன் எடுத்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது. இதில் வட்டி சற்று அதிகம், மனநிம்மதியும் அதிகம். நகைக் கடன் ஒரே நாளில் கிடைப்பதால் மேலே சொன்ன 3.1 லட்சம் போன்ற இடைவெளியை நிரப்ப அது உதவும். கைமாற்றாக வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏலத்துக்குப் போகாதீர்கள்.

இது முதலீடாகுமா என்ற கேள்வியும் இங்கேயே தீர வேண்டும். 66 லட்சத்தோடு, 9 சதவீதப் பதிவுச் செலவாக 5.94 லட்சம், பழைய பாக்கிகளுக்கு 1.2 லட்சம், பழுதுபார்க்க 3 லட்சம், வழக்கறிஞருக்கு 30 ஆயிரம் என்று ஒதுக்கினால் அடக்க விலை 76.44 லட்சம். மாத வாடகை 18,000 என்றால் ஆண்டுக்கு 2.16 லட்சம்; முதலீட்டில் 3 சதவீதம்கூட இல்லை. 49.5 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 43,000 ரூபாய். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்பி இறங்குபவர் மாதம் 25,000 ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். ஆகவே ஏல வீட்டின் லாபம் வாடகையில் இல்லை. வாங்கும் விலையில் இருக்கிறது. அதே அடுக்ககத்தில் சிக்கலில்லாத வீடு பதிவுச் செலவு உட்பட 76 லட்சத்துக்கே கிடைக்கும் என்றால், இந்த ஏலத்தில் உங்களுக்கு ஒன்றுமே இல்லை.

நான்காம் படி: பத்திரங்கள்

வங்கி கடன் கொடுத்த சொத்து, எனவே பத்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். வங்கியோ "உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே" என்ற வாசகத்தோடுதான் விற்கிறது. தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை மட்டும் அறிவிப்பில் சொல்வது அதன் கடமை. தெரியாதவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். அதில் ஏல வங்கியின் அடமானத்தைத் தவிர வேறு கடனோ, நீதிமன்றப் பற்றுகையோ, பாகப்பிரிவினையோ இருக்கிறதா என்று பாருங்கள். அடமானங்களைப் பதிவுசெய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயில் வங்கியின் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சிறு கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது பதிவாகியிருந்தால் அரசு வரிப் பாக்கிகளைவிட வங்கியின் கடனுக்கு முன்னுரிமை உண்டு. பட்டா, புலப்படம், மனையென்றால் நகரமைப்பு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் ஒப்புதல், அடுக்ககமென்றால் நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பாகத்தின் அளவு ஆகியவற்றை ஏல அறிவிப்பின் சொத்து விவரத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு மாறியிருந்தாலும், விற்பனைச் சான்றிதழ் அதே பிழையோடுதான் வரும். பட்டா மாற்றும்போது அது உங்களைத் தடுத்து நிறுத்தும்.

பரம்பரைச் சொத்தாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் 1989 முதலே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமை வந்துவிட்டது; பிறகு 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. தந்தையும் மகன்களும் மட்டும் கையெழுத்திட்டு அடமானம் வைத்த வீட்டில், கையெழுத்திடாத சகோதரி பாகம் கேட்டு வழக்குத் தொடுப்பது இங்கே வழக்கமான காட்சி. கடன்தாரர், ஜாமீன்தாரர் பெயர்களைக் கொண்டு கடன் வசூல் தீர்ப்பாயத்தின் இணையதளத்திலும் மாவட்ட நீதிமன்றங்களின் இணையதளத்திலும் தேடுங்கள். சென்னையில் மூன்று தீர்ப்பாயங்கள், கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று உள்ளன. விவசாய நிலத்தைச் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் விற்க முடியாது என்பதால், "மனை" என்று அறிவிக்கப்பட்ட இடம் வருவாய்ப் பதிவேட்டில் புஞ்சையாகவே இருந்து பயிரும் நிற்கிறதென்றால் விலகிவிடுவது நல்லது.

பாக்கிகளில் மின் கட்டணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய உரிமையாளர் வைத்துச் சென்ற மின் பாக்கியை, விதிகள் இடம் கொடுத்தால், ஏலத்தில் வாங்கிய புதியவரிடம் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்கூடமாக இருந்தால் இந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். மீட்டர் எண்ணைக் குறித்து வந்து மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்ககச் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி ஆகியவற்றையும் அதே நாளில் விசாரித்துவிடலாம்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்

ஏல அறிவிப்பில் மிக முக்கியமான சொல் விலை அல்ல; சுவாதீனம். "குறியீட்டுச் சுவாதீனம்" என்றால் வங்கி கதவில் அறிவிப்பை மட்டும் ஒட்டியிருக்கிறது, உள்ளே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று பொருள். "நேரடிச் சுவாதீனம்" என்றால் பூட்டும் முத்திரையும் வங்கியுடையவை. குறியீட்டுச் சுவாதீனத்திலிருந்து நேரடிச் சுவாதீனத்துக்குப் போக, 14ஆம் பிரிவின் கீழ் சென்னையில் தலைமைப் பெருநகர நடுவரிடமும், மாவட்டங்களில் ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி மனுச் செய்ய வேண்டும். ஆட்சியர் 30 நாட்களில், காரணம் பதிவுசெய்தால் 60 நாட்களில், ஆணையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். முதல் முறை ஏலத்துக்குப் போகிறவர் நேரடிச் சுவாதீனத்தில் உள்ள சொத்தைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு வீட்டைப் பார்க்க நான் ஒருமுறை போனேன். கதவில் ஒட்டியிருந்த சுவாதீன அறிவிப்பின் மேல் பாதி கிழிந்து, கடன் தொகை இருந்த வரி மட்டும் மழையில் நனைந்து மை கலைந்திருந்தது. வாசலில் அன்று போட்ட கோலம் இருந்தது. கதவைத் திறந்த அம்மா, "நாங்க லீசுக்கு இருக்கோம் சார், எட்டு லட்சம் கொடுத்திருக்கோம், அதக் கொடுத்தா காலி பண்ணிடுறோம்" என்றார். வாடகையே இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருக்கும் இந்தப் போக்கிய முறை சென்னையில் பரவலாக உண்டு. பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை என்பதால் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. கேட்பு அறிவிப்பு வந்த பிறகு வங்கியின் ஒப்புதல் இல்லாமல் கடன்தாரர் குத்தகைக்கு விட முடியாது என்பது சட்டம். அந்தக் குடும்பமோ அதற்கு முன்பே வந்தது. அவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போனால் வருடங்கள் ஓடும். அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் அல்லர், வாழ்நாள் சேமிப்பை அந்தச் சுவர்களுக்குள் வைத்தவர்கள். அந்த ஏலத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. வங்கி குறித்துக்கொடுக்கும் பார்வை நாளில் மட்டும் போகாமல், இன்னொரு நாள் மாலையிலும் போய் அக்கம்பக்கத்தில் மெதுவாகக் கேளுங்கள். காவலாளியும் இஸ்திரிக்காரரும் வங்கி அதிகாரியைவிட அதிகம் அறிந்திருப்பார்கள்.

ஆறாம் படி: ஏல நாள்

இணையதளத்தில் பதிவு செய்து, ஆதார், பான் விவரங்கள் சரிபார்க்கப்பட்டு, இ.எம்.டி. கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இவற்றைக் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். எந்தப் பெயரில் பதிவு செய்கிறீர்களோ அந்தப் பெயரில்தான் சான்றிதழ் வரும். மனைவியின் பெயரையும் சேர்க்க விரும்பினால் இப்போதே சேர்த்துவிட வேண்டும். உச்ச விலையை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு நேரத்துக்குச் சில நிமிடங்களுக்கு முன் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். அந்த நீட்டிப்புகளில்தான் மனம் தடுமாறும். 25,000 ரூபாய் கூட்டுவது திரையில் சிறியதாகத் தெரியும். பதினைந்து முறை கூட்டியிருப்பது ஏலம் முடிந்த பிறகே உறைக்கும்.

ஏழாம் படி: ஏலம் கிடைத்த பிறகு

எல்லாப் பணமும் வங்கிக் கணக்கு வழியாகவே போகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்து, சொத்தின் உரிமையாளராக இருந்த கடன்தாரரின் பான் எண்ணில் கட்டி, அதன் ரசீதை வங்கியிடம் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் 66,000 ரூபாய். அந்த பான் எண்ணை ஏலத்துக்கு முன்பே வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏல விலை அரசின் வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படலாம் என்பதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முழுத் தொகையும் கட்டியதும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி விற்பனைச் சான்றிதழ் வழங்குவார். இதைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, சார்பதிவாளரின் சொத்து ஆவணப் பதிவேடான முதலாம் புத்தகத்தில் கோப்பிட்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் நீங்களே பதிவுக்குத் தாக்கல் செய்தால் முத்திரைத் தீர்வை உண்டு. பின்னாளில் விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது பல வங்கிகள் பதிவான ஆவணத்தையே விரும்புகின்றன. சாதாரண விற்பனைப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஆகும். அந்த அளவுக்குப் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த வழியில் போவது என்பதைச் சொத்து இருக்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, வழக்கறிஞருடன் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் கேவியட் மனுப் போட்டுவிட்டால், உங்களைக் கேட்காமல் தடையாணை பிறப்பிக்கப்படுவதைத் தவிர்க்கலாம்.

வங்கியிடமிருந்து மூலப்பத்திரங்களைப் பட்டியல் போட்டு, கையெழுத்துடன் பெறுங்கள். வங்கியின் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் வில்லங்கச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

சாவி வாங்கும் நாளில் வங்கி அதிகாரியும் ஒரு சாட்சியும் உடனிருக்கட்டும். கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் படம் பிடித்து, சுவாதீனம் எடுத்தபோது வங்கி எழுதிய பொருள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்கியது வீட்டை மட்டுமே. உள்ளே கிடக்கும் பொருட்கள் இன்னும் பழைய குடும்பத்துடையவை. அலமாரியில் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும், சுவரில் மாலையிட்ட பெரியவரின் படமும் அப்படியே இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பெட்டியில் கட்டி, வங்கி வழியாக எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் வந்து எடுத்துச் செல்ல ஒரு தேதி கொடுங்கள். பெயிண்ட் அடிப்பவரை அதற்குப் பிறகு அழைத்துக்கொள்ளலாம்.